விமானம் வரும்வரை உன்னைக் கிடத்தி வைத்தார்கள்

நேற்று பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற மருந்துக் கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் ஓடிகோலோன் பாட்டில் ஒன்றைத் திறந்து மணிக்கட்டில் தடவி முகர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். ரத்தக்கொதிப்பு மாத்திரையை வாங்காமலேயே வெளியே ஓடி வந்து சாக்கடை ஓரமாகக் குனிந்து நின்றேன். கடைக்காரச் சீனர் பின்னாலேயே வந்து, "ஆன்ட்டி, ஓகே கா?" என்று கேட்டார். "ஓகே லா" என்றேன்.

என்ன ஓகே? நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னை நினைத்தால் எனக்கு அழுகை வரவேண்டும். அருவருப்புதான் வருகிறது. உன் மேல் இல்லையடி. உன்னை அப்படிக் கிடத்தி வைத்தவர்கள் மேல். இதை யாரிடம் சொல்ல? உன்னிடம்தான் சொல்லவேண்டும். நீயும் அங்கேதான் நடுக்கூடத்தில் படுத்திருந்தாய், ஆனால் உனக்கு ஒன்றும் தெரியாது. நல்லவேளை தெரியாது.

உன்னைப் போல் ஒரு சுத்தக்காரியை நான் பார்த்ததில்லை. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அப்பால், நாம் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. நாம் இருவரும் பால் மரம் வெட்டப் போன காலத்தில், ஒட்டுப்பால் நாற்றம் எங்கள் எல்லோருக்கும் தோலோடு தோலாகப் பழகிப்போயிருந்தது. நீ மட்டும் வேலைச் சட்டையை வாசலுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டாய். "நாத்தத்தோட சோறு தின்னா அது சோறாடி?" என்பாய். பிறகு தோட்டம் எண்ணெய்க்கான செம்பனைக்கு மாறி, அப்புறம் விற்கப்பட்டு, நாம் கோலா சிலாங்கூரில் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தோம். இங்கேயும் இரண்டு வீடு தள்ளித்தான் நான். தமிழ்ப்பள்ளி கேண்டீனில் இருபது வருஷம் சேர்ந்து சமைத்தோம். மீன் கழுவிய தண்ணீரைக்கூடத் தூரமாகக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவாய். கேண்டீன் பிள்ளைகள் உனக்கு "டெட்டோல் ஆன்ட்டி" என்று பட்டப்பெயர் வைத்திருந்தது உனக்குத் தெரியுமோ தெரியாதோ.

உன் சின்னவன் கதிருக்குக் குழந்தை பிறந்தபோது லண்டனுக்குப் போய்வந்தாயே, அந்தக் கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! பேத்தியைப் பற்றிப் பேசியதைவிட விமானத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினாய். "பதிமூணு மணி நேரம் கண்ண மூடலடி. முன்னாடி சீட்டு முதுகுல ஒரு டிவி. அதுல சின்னதா ஒரு ஏரோப்ளேன் நகருது. அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். நான் பாக்காம வுட்டா வுழுந்துடுமோன்னு பயம்." நான் சிரித்தேன். "நீ முறைச்சுப் பாத்ததாலதான் அது பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்துச்சு" என்றேன். "சிரி, சிரி. அந்தக் கக்கூஸ் வாடையில உட்கார்ந்திருந்தா தெரியும் ஒனக்கு" என்றாய். திரும்பி வந்ததும் போட்டிருந்த சேலையை மூன்று முறை துவைத்தாய். அதற்குப் பிறகு கதிர் எத்தனையோ தரம் கூப்பிட்டும் நீ போகவில்லை.

அப்புறம் ஒரு நாள் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு சாவுக்குப் போனோம். நம்மோடு தோட்டத்தில் வேலை செய்த ஒரு கிழவர். ஆஸ்திரேலியாவிலிருந்து மகன் வரவேண்டும் என்று காக்க வைத்திருந்தார்கள். உள்ளே போனவர்கள் எல்லோரும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, கும்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு வெளியே ஓடி வந்தார்கள். நாமும் அப்படித்தான் வந்தோம். வீட்டுக்குத் திரும்பும் வழியில், உன் மூத்தவன் முருகேசு கார் ஓட்டிக்கொண்டிருக்க, பின் சீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "நான் செத்தா, நாறுறதுக்கு முன்னாடி தூக்கிடச் சொல்லுடி. யாரு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. என்னைப் பாத்து எவளும் மூக்கப் பொத்தக்கூடாது." முருகேசு கண்ணாடி வழியாக நம்மைப் பார்த்தான். நான் "சரிடி, சரிடி, இப்ப யாரு சாவுறா?" என்று பேச்சை மாற்றினேன். ஆனால் நீ விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த வியாழக்கிழமை விடியும்போது முருகேசு வந்து என் கதவைத் தட்டினான். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். சிறுநீரகம் கெட்டு மூன்று வருஷம். வாரத்துக்கு மூன்று நாள் உன்னைத் தஞ்சோங் காராங்குக்கு ரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப் போனவன் அவன். ராவாங்கில் தொழிற்சாலை வேலையை அதற்காகவே இரவு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டான். கல்யாணப் பேச்சு எடுத்தாலே "அம்மாவ யாரு பாக்கிறது?" என்று முடித்துவிடுவான். உனக்குக் கடைசியாகத் தண்ணீர் கொடுத்ததும், உன் கண்ணை மூடியதும் அவன்தான். நானும் அவனுமாக உன்னைக் குளிப்பாட்டி, உனக்குப் பிடித்த நீலச் சேலையைக் கட்டினோம். அப்போது நீ அழகாகத்தான் இருந்தாயடி.

உன் அண்ணன் வந்தார். வந்ததும் முதல் வேலையாக முருகேசின் கைப்பேசியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நீ அம்மாகிட்ட உட்காரு. போன் பேச்செல்லாம் நான் பாத்துக்கிறேன்." அவருக்கு எல்லாவற்றையும் அவர்தான் பார்க்கவேண்டும். தாமான் கோவிலுக்கு அவர்தானே தலைவர்!

சவப்பெட்டிக்காரர் உன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நல்லபடியாகவே சொன்னார்: "ஆன்ட்டிக்கு ஒடம்புல தண்ணி கோத்திருக்கு. இன்னிக்கு சாயங்காலமே எடுத்திடுறது நல்லது. இல்லன்னா மருந்து போட்டுத்தான் வைக்கணும்." உன் அண்ணன் கையை ஆட்டினார். "ஊசி குத்துறது, அறுக்கிறது, அதெல்லாம் எங்க குடும்பத்துல வேணாம். சின்னவன் பிளேன் ஏறப்போறான். நாளைக்கு மத்தியானம் எறங்கிடுவான். நாளைக்கு சாயங்காலம் எடுத்துக்கலாம்."

நான் சும்மா இருக்கவில்லை. நீ சொன்னதை அப்படியே சொன்னேன். "அண்ணே, யாருக்காகவும் வைக்கக்கூடாதுன்னு அவ வாயால சொல்லியிருக்கா. முருகேசும் கேட்டான்."

"தாய்க்குக் கடைசிப் பிள்ளைதான் கொள்ளி வைக்கணும். தகப்பனுக்கு மூத்தவன் வச்சாச்சு. இது நம்ம வழக்கம், நான் உண்டாக்கினது இல்ல. புள்ள லண்டன்லேர்ந்து வர்றான், பத்தாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அவன் வர்றதுக்குள்ள எரிக்கச் சொல்றீங்க. ஒங்களுக்கு என்னா அவ்ளோ அவசரம்?"

கூட்டம் என்னைப் பார்த்தது. ஏதோ நான் உன்னை வீட்டைவிட்டுத் துரத்துகிற மாதிரி பார்த்தது. முருகேசு என் தோளைத் தொட்டு, "விடுங்க சின்னம்மா. தம்பியும் மொகத்தப் பாக்கட்டும்" என்றான். அவன் அப்படித்தான், தனக்கென்று எதையும் கேட்டுப் பழகாதவன்.

அன்றைக்குச் சாயங்காலம் தொடங்கியது அந்தக் கூத்து. கூடாரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆம்பிளைகள் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் உன் அண்ணனின் மருமகன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தான். அதில் மஞ்சள் நிறத்தில் ஒரு விமானம். கதிர் அதில்தான் வருகிறானாம். "இப்ப துருக்கி தாண்டிட்டான்." "அப்பிடின்னா துபாய்க்கு இன்னும் நாலு மணி நேரம்." "டைரக்ட் பிளைட்ல வந்திருக்கலாம் லா, பதிமூணு மணி நேரத்துல வந்திருப்பான்." "சீட்டு கெடைக்கலையாம். ட்ரான்சிட்டுன்னா இழுக்கத்தான் செய்யும்." பொம்பிளைகள் மட்டும் குறைச்சலா? ஒருத்தி, "எங்க மக மெல்பர்ன்ல. எட்டு மணி நேரம்தான், பக்கம்" என்றாள். இன்னொருத்தி உடனே, "எங்களுக்கு என்னா, சிங்கப்பூருதான். பஸ்லகூட வந்திடுவான்" என்றாள். உன் பிணத்தை உள்ளே வைத்துக்கொண்டு, யார் செத்தால் யார் பிள்ளை எத்தனை மணி நேரத்தில் வந்து நிற்பான் என்று பீற்றிக்கொண்டிருந்தார்கள். தூ!

நீ இருந்தபோது இதில் எவனாவது உன்னை எட்டிப் பார்த்தானா? தஞ்சோங் காராங் எவ்வளவு தூரம், அரை மணி நேரம். உன் அண்ணன் வீடே அங்கேதான். ரத்தச் சுத்திகரிப்பு நடக்கிற இடத்துக்கு அவர் வீட்டிலிருந்து நடந்தே வரலாம். கோவில் வேலையாக வாரம் தவறாமல் தாமானுக்கு வந்துபோகிறவர், மூன்று வருஷத்தில் உன்னை இரண்டு முறை வந்து பார்த்தார், ஒரு முறை கோவில் திருவிழா நோட்டீஸ் கொடுக்க. அந்தத் தூரத்தை எந்த வரைபடத்தில் பார்ப்பது?

வெள்ளிக்கிழமை விடிந்தது. முதல் விமானம் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததில் கதிர் துபாயில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டுவிட்டான் என்று உன் அண்ணன் அறிவித்தார். அடுத்ததில் இடம் கிடைத்து வந்திறங்க சனிக்கிழமை மத்தியானம் ஆகுமாம். "அதுவரைக்கும் வைக்கத்தான் வேணும். பாதி தூரம் வந்திட்டான், இனி என்னா?" என்றார். நான் கதிரைத் திட்டினேன், உன்னிடம் மறைக்கவில்லை. மனசுக்குள் இல்லை, வாய்விட்டே திட்டினேன். பெற்றவளை இப்படிப் போட்டு வைத்திருக்கிறானே, ஒரு வார்த்தை 'எடுத்திடுங்க' என்று சொல்ல வாய் வரவில்லையா என்று.

உனக்கு அன்றைய வெயில் தெரியாது. தகரக்கூரையில் இறங்கிய சூடு கூடத்தில் நின்றது. சவப்பெட்டிக்காரரைக் கூப்பிட்டால் இனிமேல் மருந்து போட்டுப் பிரயோசனமில்லை என்றுவிட்டார். அப்போது உன் அண்ணன் ஒரு யோசனை பண்ணினார் பார். படகுத்துறையில் அவருக்குத் தெரிந்த ஆள் இருக்கிறாராம். ஒரு லோரி வந்தது. மீனுக்குப் போடுகிற ஐஸ். நீலக் கூடைகளில், செதிலும் ரத்தக் கறையும் ஒட்டின அதே கூடைகளில் கொண்டுவந்து, தொட்டிகளில் கொட்டி, உன்னைச் சுற்றி வைத்தார்கள். மீன் கழுவிய தண்ணீரை எங்கேயோ கொண்டுபோய் ஊற்றுகிறவளடி நீ. உருகின தண்ணீர் கூடமெல்லாம் ஓடியது. முருகேசு முழங்காலில் உட்கார்ந்து துணியால் ஒற்றி ஒற்றிப் பிழிந்தான். சாயங்காலத்துக்குள் ஐஸ் வாடையும், வாடின மாலையும், அதற்கு மேலே இன்னொன்றும். அந்த இன்னொன்றைத்தான் யாரும் வாயால் சொல்லவில்லை. உன் அண்ணன் மனைவி ஓடிகோலோன் பாட்டில்களைக் கொண்டுவந்து உன் மேல் சரசரவென்று தெளித்தாள். பாத்ரூமில் தெளிப்பார்களே, அப்படி.

மூக்கைப் பொத்தினார்களடி. எல்லோரும் பொத்தினார்கள். கைக்குட்டை, முந்தானை, முகக்கவசம். ஒருத்தி உன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே போய்க் குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

பிணம் கிடக்கிறபோது நம் வீட்டு வரிசையில் தமிழர்கள் யார் வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. கோவிலும் சாத்திக் கிடந்தது, வெள்ளிக்கிழமை விளக்குகூட ஏற்றவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் தினமும் சோறும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவர்களில் யாராவது இறந்தால் அன்றைக்கே அடக்கம் பண்ணிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று கேட்டாள். மகன் விமானத்தில் வருகிறான் என்றேன். அவள் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கசியான்" என்றாள். பாவம் என்று அவள் சொன்னது மகனையா உன்னையா என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் மறுபடி அந்த மஞ்சள் விமானம். உள்ளே நிற்க முடியாததால் கூட்டம் முழுக்க ரோட்டோரம் போய் நின்று அதைப் பார்த்தது. "இந்தியாவுக்கு மேல வந்திட்டான்!" என்று மருமகன் கத்தினான். ஒரு கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அது சேலத்துப் பக்கம்தானே? நம்ம தாத்தா ஊரு. அங்கேர்ந்து அவரு கப்பல்ல வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல ஆச்சாம். இவன் நாலு மணி நேரத்துல தாண்டுறான் பாரு" என்றார். எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை. உன் அண்ணன் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "என் தங்கச்சி மவன்" என்றார். எனக்கு அந்தக் கைப்பேசியைப் பிடுங்கி ஐஸ் தொட்டியில் போட்டுவிடலாமா என்றிருந்தது.

கதிர் வந்தான். கார் நின்றதும் எல்லோரும் வழிவிட்டார்கள். மூன்று நாள் சட்டை, தாடி, கண்ணெல்லாம் சிவப்பு. உன் அண்ணன் கட்டிப்பிடித்தார். அவன் பொம்மை மாதிரி நின்றான். வாசற்படி ஏறி, "அம்மா" என்று ஓர் அடி வைத்தான். அங்கேயே நின்றுவிட்டான். கையை வாய்க்குக் கொண்டுபோனான். திரும்பி ஓடினான். சாக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் வாந்தி எடுத்துவிட்டான்.

யாரும் அசையவில்லை. "பிரயாண அலுப்பு, ஒத்துக்கல" என்றார் உன் அண்ணன். நான்தான் போய் அவன் முதுகைத் தடவினேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஏன் சின்னம்மா? ஏன் இன்னும் வச்சிருக்கீங்க?" என்றான்.

"நீ வர்றேன்னுதானேய்யா."

"துபாய்லேர்ந்து நான் அண்ணன் போனுக்கு அடிச்சேனே! பிளைட் போயிடுச்சு, எனக்காக வைக்காதீங்க, அண்ணனையே கொள்ளி வைக்கச் சொல்லுங்கன்னு மாமாகிட்ட சொன்னேனே!"

உன் அண்ணனின் சட்டைப்பையில் அப்போதும் அந்தக் கைப்பேசி இருந்தது. முருகேசு அதைப் பார்த்தான். நான் பார்த்தேன். ரோட்டோரம் நின்ற கூட்டமும் பார்த்தது.

"எதுக்கு அண்ணே மறைச்சீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாமல் இருந்தது.

"அவன் சின்னப் புள்ள, துக்கத்துல ஏதோ சொல்றான். நாமதான் மொறையா செய்யணும். லண்டன்ல மவன் இருந்தும் கொள்ளிக்கு வரலன்னு நாளைக்கு நாலு பேரு பேசமாட்டானா? கோவில்ல நான் எப்படித் தல நிமிந்து நடக்கிறது?" என்றார். கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் சொன்னாரடி. அவர் தலை நிமிர்ந்து நடக்க நீ அழுகிக் கிடந்தாய்.

"நீங்க மனுசரே இல்ல" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவரோடு நான் பேசவில்லை. அந்தக் கோவிலுக்கும் போவதில்லை, தெருக்கோடியிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

மறுபடி உள்ளே போகக் கதிரால் முடியவில்லை. இரண்டு தரம் முயற்சி பண்ணினான், இரண்டு தரமும் வாசலோடு திரும்பினான். முருகேசுதான் போனான். எப்போதும் போல ஈரத் துண்டால் உன் முகத்தைத் துடைத்தான், மூக்கைப் பொத்தவில்லை. பெட்டியை மூடச் சொல்லிவிட்டு வெளியே வந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டான். மின்சுடலையில் இரண்டு பேரும் சேர்ந்து பெட்டியின் மேல் சூடத்தைக் கொளுத்தினார்கள். பெட்டி உள்ளே போனது. சுவரோரம் நின்ற வேலைக்காரர் ஒரு பச்சைப் பொத்தானை அமுக்கினார். அவ்வளவுதான் கொள்ளி. அந்தப் பொத்தானுக்காகத்தான் பத்தாயிரம் கிலோமீட்டர், அந்தப் பொத்தானுக்காகத்தான் லோரியில் மீன் ஐஸ்.

முருகேசு சமாளித்துக்கொண்டான். மூன்று வருஷம் உன்னைத் தொட்டுத் தூக்கியவனுக்கு உன்னைப் பற்றி நினைக்க எவ்வளவோ இருக்கிறது. கதிர்தான் எனக்குப் பாரமாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லண்டனிலிருந்து கூப்பிடுகிறான். முதலில் சாப்பிட்டீங்களா, மழையா, வெயிலா என்று சுற்றி வளைப்பான். அப்புறம்தான் கேட்க வந்ததைக் கேட்பான். போன வாரமும் அப்படித்தான்.

"சின்னம்மா, அம்மா மேல என்னா வாசம் வரும்? எவ்ளோ யோசிச்சாலும் எனக்கு ஞாபகம் வரமாட்டுது. கண்ண மூடினா அன்னிக்கு வந்ததுதான் வருது."

நான் சொல்கிறேன். "சாயங்காலம் குளிச்சிட்டு வந்தா தலையில சாம்பிராணி வாசம் வரும்ய்யா. கழுத்துல பவுடர். கையில எப்பவும் பண்டான் எல வாசம், நாசி லெமாக்குக்குத் தேங்காப்பாலு சோத்துல எலைய முடிச்சுப் போட்டுப் போட்டு அப்படியே ஒட்டிக்கிச்சு. நீ ஸ்கூல் வுட்டு வந்து அவ கையத்தானே மொதல்ல மோந்து பாப்ப."

பிறகு, "இன்னொரு வாட்டி சொல்லுங்க சின்னம்மா" என்பான்.

மறுபடி சொல்கிறேன். அவனுக்குத் தெரியாதடி, எனக்கும் அதெல்லாம் வரமாட்டேன் என்கிறது. அவனுக்கு வருகிற அதே நாற்றம்தான் எனக்கும் வருகிறது. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பண்டான் இலை, பண்டான் இலை என்று உன் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.